317 கிலோமீட்டர்: அகர்தலா–கொல்கத்தா வான்வழித் தொலைவு சொல்லும் வரலாறு

இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவைத் தேடினால் ஓர் எண் கிடைக்கும். அகர்தலாவுக்கும் கொல்கத்தாவுக்கும் அவ்வெண் ஏறத்தாழ 317 கி.மீ.; பயண நேரம் சுமார் ஒரு மணி. வரலாற்று மாணவர் இதனருகே இன்னோர் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்திய எல்லைக்குள்ளேயே அசாம் வழியாகச் சுற்றிச் செல்லும் இருப்புப்பாதையின் நீளம் 1,500 கி.மீ.க்கும் மேல், பயணம் ஏறத்தாழ ஒன்றரை நாள். இந்த ஐந்து மடங்கு வேறுபாட்டை மலையோ கடலோ உண்டாக்கவில்லை. 1947-இல் வரையப்பட்ட ஒரு கோடு உண்டாக்கியது.

பிரிவினைக்கு முன் திரிபுரா மன்னராட்சிப் பகுதிக்கு ரயில் நிலையம் என்றால் அது அகௌரா. அகர்தலாவை அடுத்திருந்த அந்நிலையத்தில் ரயிலேறிச் சாந்த்பூர் வரை சென்று, நீராவிப் படகில் கோலந்தோவை அடைந்து, மீண்டும் ரயிலில் சியால்தாவுக்குப் போகலாம். பிரிவினையோடு அகௌராவும் சாந்த்பூரும் கோலந்தோவும் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் அமைந்துவிட்டன. திரிபுரா 1949 அக்டோபர் 15 அன்று இந்தியாவுடன் இணைந்தபோது அதன் மூன்று பக்கங்களிலும் அயல்நாடு இருந்தது.

இந்நிலையில் கைகொடுத்தது ஒரு போர்க்கால விமானத்தளம். மன்னர் வீர விக்கிரம கிஷோர் மாணிக்கியர் அளித்த நிலத்தில் 1942-இல் அமைந்த அத்தளத்திலிருந்து, அமெரிக்க விமானங்கள் பர்மாப் போர்முனைக்குச் சரக்கு ஏற்றிச் சென்றன. பர்மாவை நோக்கி அமைக்கப்பட்ட ஓடுதளமே பின்னாளில் திரிபுராவைக் கொல்கத்தாவுடன் இணைக்கும் வாயிலாயிற்று. ரயில் 1964-இல் மாநிலத்தின் வட எல்லையிலுள்ள தர்மநகரைத் தொட்டது. அகர்தலாவை அடைய 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில், அவசரமாகக் கொல்கத்தா செல்லவேண்டிய நோயாளிக்கு விமானத்தை விட்டால் விரைவான வழி வேறில்லை. கட்டணம் செலுத்த இயலாதவருக்கு 317 என்ற எண்ணால் பயனும் இல்லை.

அந்த வான்வழியும் எப்போதும் உறுதியாக இருந்ததில்லை. நேர்க்கோடு பத்மா, மேக்னா சமவெளியின் மீது செல்கிறது. 1965 போரின்போது இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றன் வான்வெளியில் மற்றொன்றின் விமானங்கள் பறப்பதை நிறுத்தின. தாஷ்கண்ட் உடன்பாட்டுக்குப் பின் 1966-இல்தான் அது மீண்டது. மண்ணில் மட்டுமன்றி வானிலும் எல்லை உண்டு என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

2023 நவம்பரில் அகர்தலா–அகௌரா இருப்புப்பாதை தொடங்கிவைக்கப்பட்டது. அதன் நீளம் 12 கி.மீ. சற்று மேல். பிரிவினைக்குப் பின் அந்தச் சிறு துண்டு அமைய முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

போக்குவரத்து வரலாறு எழுதும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொலைவு அட்டவணையை முடிந்த தரவாகக் கொள்ளாதீர்கள். இரு இடங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டபின், யாருக்கு, எவ்வழியாக, எந்த ஆண்டில் என்றும் கேளுங்கள்.