ஆலோசனையும் அதிகாரமும்: தருமபுரித் திருச்சபைகளில் கூட்டு முடிவு

தருமபுரி மாவட்டத்தில் இரண்டு திருச்சபை ஆட்சி மரபுகள் அருகருகே வாழ்கின்றன. கத்தோலிக்கப் பங்குகள், 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான தருமபுரி மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. தென்னிந்தியத் திருச்சபையின் சபைகள், 1950இல் அமைந்த கோயம்புத்தூர் திருமண்டலத்துக்கு உட்பட்டவை. முதல் மரபில் பங்குப் பேரவை ஆலோசனை சொல்கிறது, பங்குத்தந்தை முடிவெடுக்கிறார். இரண்டாவதில் தேர்ந்தெடுக்கப்பட்ட கமிட்டி வாக்களித்து முடிவெடுக்கிறது. இவற்றுள் எது தூய ஆவியின் வழிநடத்துதலுக்கு அதிகம் இடந்தருகிறது என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து இதற்கு விடைகாண முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். முடிவுக்கு முன் யாருடைய குரல் கேட்கப்பட்டது, முடிவுக்குப் பின் யாருக்குக் காரணம் சொல்லப்பட்டது என்ற இரண்டுமே ஆன்மிக அதிகாரத்தின் உரைகல்.

உபதேசியார்கள் தாங்கிய சபை

கூட்டுப் பொறுப்பு இந்த வட்டாரத்துக்கு நேற்று வந்ததன்று. இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி 1623இல் சேலம், சேந்தமங்கலம் பகுதிகளுக்கு வந்தார். அவருக்குப் பின் நெடுங்காலம் குருக்கள் மிகச் சிலரே இருந்தனர். ஒரு குரு ஓர் ஊருக்கு வந்துசேரப் பல மாதங்கள் ஆகும். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. தருமபுரி அடங்கிய பாராமகால் பகுதி 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறும்வரை மைசூர்ப் போர்களும் நாட்டை அலைக்கழித்தன. அக்காலத்தில் தென்னிந்திய மிஷன்களில் செபம் நடத்தியவர்களும், மறைக்கல்வி புகட்டியவர்களும், சாகுந்தறுவாயில் திருமுழுக்குக் கொடுத்தவர்களும் பெரும்பாலும் உபதேசியார்களே. ஊர்ப் பெரியவர்கள் வழக்குகளைத் தீர்த்தனர். திருநிலைப்படுத்தப்படாத பொதுநிலையினர் சபையைக் காத்தார்கள் என்பது வரலாறு.

இந்த வரலாற்றுக்கு ஒரு நிழலும் உண்டு. ஊர்ப் பெரியவர் பதவி சாதியையும் பரம்பரையையும் ஒட்டியே வந்தது. பெண்களும் தலித் மக்களும் பேச இடமில்லாத கூட்டத்தில், எத்தனை பேர் கூடி எடுத்த முடிவானாலும் அதைத் திருச்சபையின் முடிவு என்று சொல்லத் தகாது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களின் வலுவூட்டலுக்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட நேர்ந்ததே, இந்தச் சிக்கல் ஓயவில்லை என்பதற்குச் சான்று.

இரு சட்டங்கள், ஒரே குறை

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 536ஆம் பிரிவு பங்குப் பேரவைக்கு ஆலோசனைக் குரல் மட்டுமே அளிக்கிறது. 537ஆம் பிரிவு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்கிறது. தம் கருத்தை மேய்ப்பர்களுக்கு எடுத்துரைப்பது இறைமக்களின் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட என்று 212ஆம் பிரிவு ஏற்கிறது. ஆக, பேசும் உரிமை உண்டு. அந்தப் பேச்சு முடிவை எப்படி மாற்றியது என்று கேட்டறியும் வழிதான் பங்கு அளவில் தெளிவாக இல்லை. 2021 முதல் 2024 வரை நடந்த உலக ஆயர் மாமன்றம் இந்த இடத்தைத்தான் தொட்டது. ஆலோசனை மட்டுமே என்ற சட்ட வாய்பாட்டை மறுஆய்வு செய்யவேண்டும் என அதன் இறுதி ஆவணம் கோருகிறது.

தென்னிந்தியத் திருச்சபை வேறு வழியில் வந்தது. 1827இல் சேலத்தில் பணி தொடங்கிய இலண்டன் மிஷனெரி சங்கம், எந்த ஆட்சிமுறையையும் திணிக்காமல் அதைச் சபையாரே தேர்ந்துகொள்ள விடவேண்டும் என்று 1796லேயே கொள்கை வகுத்திருந்தது. அந்த மரபும் ஆயர் மரபும் 1919 தரங்கம்பாடி மாநாட்டில் தொடங்கிய நீண்ட பேச்சுவார்த்தையின் முடிவில், 1947 செப்டம்பர் 27 அன்று ஒரே திருச்சபைக்குள் இணைந்தன. பேராயர் உண்டு, ஆனால் அவர் அமைப்புச் சட்டத்துக்கு உட்பட்டவர். உலகத் திருச்சபை வரலாற்றில் இது அரிய சாதனை. ஆயினும் வாக்குரிமை அணிகளையும் வளர்த்தது. அதன் உச்ச ஆட்சிமன்றமான சினாடின் தேர்தல் வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. விதி மீறப்பட்டதா என்று நீதிமன்றம் சொல்லலாம். தோற்றவரின் மனக்குறையைக் கேட்டு ஆற்றுவது சபையின் வேலை.

ஒரு சபையில் பேரவை கேட்கப்பட்டும் பதில் பெறாமல் கலைகிறது. மற்றதில் சிறுபான்மை எண்ணப்பட்டும் கேட்கப்படாமல் போகிறது. சட்டங்கள் வேறானாலும் குறை ஒன்றே.

எருசலேம் காட்டும் ஒழுங்கு

திருத்தூதர் பணிகள் 15ஆம் அதிகாரம் விவரிக்கும் எருசலேம் சங்கத்தின் நடைமுறை நமக்கு உதவும். அங்கே கடும் விவாதம் முதலில் நடக்கிறது. பேதுரு தம் அனுபவத்தைச் சொல்கிறார். பர்னபாவும் பவுலும் பிற இனத்தாரிடையே கண்டதைச் சொல்கிறார்கள். யாக்கோபு மறைநூலோடு பொருத்திப் பார்த்து முடிவை முன்வைக்கிறார். பின்னர் அந்த முடிவு கடிதமாக எழுதப்பட்டு, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வழியாக, அதனால் பாதிக்கப்படுவோரிடமே போய்ச் சேர்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், குருக்களின் ஆலோசனையும் மக்களின் இசைவும் இன்றி எதையும் செய்வதில்லை என்று தாம் உறுதிபூண்டதை எழுதினார். இவர்கள் யாரும் அதிகாரத்தை இழக்கவில்லை.

உண்மையை வாக்கெடுப்பால் தீர்மானிக்க முடியுமா என்ற மறுப்பு நியாயமானது. பழைய ஏற்பாட்டில் ஆகாபு அரசனுக்கு முன் ஏறத்தாழ நானூறு இறைவாக்கினர் ஒருமித்துப் பேசினர். தனித்து நின்ற மிக்காயாவே சரியாகச் சொன்னார். ஆனால் இந்த நிகழ்ச்சி கலந்தாய்வுக்கு எதிரான சான்றன்று. ஒருமித்த கருத்தும் தவறலாம் என்பதால், தனிக்குரலைக் கேட்க ஏற்பாடு வேண்டும் என்றே அது கற்பிக்கிறது. தனியொருவராக முடிவெடுக்கும் மேய்ப்பருக்கும் பெரும்பான்மை பெற்ற கமிட்டிக்கும் இந்தப் படிப்பினை ஒன்றுபோலப் பொருந்தும்.

நடைமுறை

தருமபுரியில் பல குடும்பங்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகின்றன. ஞாயிறு வழிபாடு முடிந்து கூடும் கூட்டத்தில் ஊரில் இருப்பவர்களின் குரல் மட்டுமே ஒலிக்கும். ஆகவே கல்லறை நிலம், திருவிழாக் கணக்கு, பள்ளிக் கட்டடம் போன்றவற்றை முதலில் அன்பியங்கள் எனப்படும் சிறு குழுக்களிலும் பெண்கள் ஐக்கியத்திலும் பேசவேண்டும். வெளியூரில் இருப்போரைத் தொலைபேசியிலாவது கேட்கவேண்டும். எடுத்த முடிவையும், ஏற்கப்படாத கருத்தையும், ஏற்காததன் காரணத்தையும் வழிபாட்டில் வாசிக்கவேண்டும். ஓராண்டுக்குப் பின் அதே முடிவை மறுபடி எடுத்துப் பார்க்கவேண்டும்.

இவற்றைத் தொடங்க எந்தச் சட்டமும் மாறத் தேவையில்லை; ரோமின் ஆணைக்கோ சினாடின் தீர்மானத்துக்கோ காத்திருக்கவும் வேண்டாம். காரணம் சொல்லும் மேய்ப்பரின் மதிப்பு குறையாது. தம் முடிவு இறைவனுக்கு முன்னும் மக்களுக்கு முன்னும் நிற்கத்தக்கது என்று அவர் காட்டுகிறார். சபை அவருக்குக் கீழ்ப்படிவதற்குரிய தகுதி அதிலிருந்தே பிறக்கிறது.