பலம் விற்ற கதை

உடம்புக்கு உரம் வேண்டும் என்றால் செட்டிநாட்டு ஆச்சிமார் எடுப்பது கும்மாய மாவு. உளுந்து, பாசிப்பருப்பு, பச்சரிசி மூன்றையும் வறுத்துத் திரித்து, மாவை நெய்யில் புரட்டி, கருப்பட்டிப் பாகு ஊற்றிக் கிண்டினால் பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும். சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு பிடிக்க இறங்கிய பழைய ஆட்களுக்குக் களியும் கம்பங்கூழும்தான் ஊட்டம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பலத்தை டப்பாவில் அடைத்து விற்றது வெள்ளைக்காரர் வியாபாரம். 1904-05இல் இந்தியாவைச் சுற்றிக் கட்டுடல் காட்டிய பயில்வான் யூஜின் சாண்டோ, பிறகு லண்டனில் தன் பெயரில் கோக்கோ பொடி விற்றார். நம்மூரில் அவர் பெயர் பனியனோடு தங்கிவிட்டது. கோக்கோ வியாபாரம் படுத்தது. பயில்வான் படம் ஒட்டினால் பொடி விற்கும் என்ற சூட்சுமம் படுக்கவில்லை.

விபரீதம் எபிட்ராவில் வந்தது. சீன வைத்தியர்கள் மூச்சிரைப்புக்குக் கொடுத்த செடி அது. அதிலுள்ள எபிட்ரின் ரத்தக்குழாயைச் சுருக்கும், ரத்த அழுத்தத்தையும் இதயத்துடிப்பையும் ஏற்றும். கஃபீனும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பலத்துக்கென்று மாத்திரையும் பொடியுமாகத் துணை உணவு விற்பவர் அதன் பாதுகாப்பை முன்கூட்டி நிரூபிக்கத் தேவையில்லை என்று 1994இல் அமெரிக்கா சட்டம் போட்டிருந்தது. 2003 பிப்ரவரியில், பால்டிமோர் பேஸ்பால் அணியின் 23 வயது ஸ்டீவ் பெக்லர் புளோரிடாவில் பயிற்சியின்போது சுருண்டு விழுந்தார். உடல் சூடு 108 டிகிரி. மறுநாள் உயிர் போனது. அவர் சாப்பிட்ட எபிட்ரா மாத்திரைக்கும் சாவில் பங்கு உண்டு என்றார் பிரேதப் பரிசோதனை மருத்துவர். 2004 ஏப்ரலில் எபிட்ரா கலந்த துணை உணவுகளுக்கு அமெரிக்காவில் தடை அமலுக்கு வந்தது.

அந்தத் தடையில் நம் தரிசுகளில் முளைக்கும் நிலத்துத்தியும் சிக்கியது. ஆயுர்வேதத்தில் இதற்குப் பெயர் ‘பலா’. பலாப்பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதிலும் கொஞ்சம் எபிட்ரின் உண்டு. வைத்தியர் நாடி பார்த்து அளந்து கொடுத்த சரக்கைச் சாறாக்கிக் குப்பியில் அடைத்து, யார் வேண்டுமானாலும் விழுங்கலாம் என்று விற்றதுதான் வினை.

எபிட்ரா போன இடத்துக்கு டிஎம்ஏஏ என்ற ஊக்கப்பொருள் வந்தது. 2012 லண்டன் மாரத்தானில், அது கலந்த பானம் குடித்து ஓடிய 30 வயதுப் பெண் எல்லைக்கோட்டை நெருங்கும்போது விழுந்து இறந்தார்.

இந்தியாவில் 2016இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிகள், துணை உணவில் ஹார்மோனும் ஸ்டீராய்டும் சேர்க்கக் கூடாது என்கின்றன. விதி இருந்தாலும், ஜிம்மில் கை மாறும் உதிரிப் பொடியை யார் சோதிக்கிறார்கள்? உரிம எண்ணும் சேர்மானப் பட்டியலும் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். குடித்தபின் நெஞ்சு படபடத்தால் பயிற்சியை நிறுத்தி, அன்றே டாக்டரிடம் போய் ஈசிஜி எடுத்துப் பாருங்கள்.