குழாயில் ஓடும் மீயொலி

2006 மார்ச்சு மாதம் அலாஸ்காவின் புருடோ பே எண்ணெய் வயலில் ஒரு குழாய் ஒழுகியது. அரிப்பினால் விழுந்த சிறு துளைதான். ஆனால் பனிக்கு அடியில் பல நாட்கள் எவர் கண்ணிலும் படாமல் கசிந்ததால் ஏறத்தாழ 2 இலட்சம் கேலன் கச்சா எண்ணெய் தரையில் கொட்டிப்போயிற்று. குழாயின் சுவர் மெலிந்து வருவதை வெளியிலிருந்தே அறிய முடியாதா?

முடியும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக இயற்பியலறிஞர் பிளாய்ட் பயர்ஸ்டோன் 1940-இல் இதற்கான கருவிக்குக் காப்புரிமை கேட்டு, 1942-இல் பெற்றார். கிணற்றுக்குள் கூவி எதிரொலி கேட்பது போன்றதே அவருடைய முறை. படிகம் ஒன்று உலோகத்தின்மேல் குறுகிய மீயொலித் துடிப்பை அனுப்பும். எதிர்ப்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒலியை அதே படிகம் வாங்கிக்கொள்ளும். எஃகில் நெட்டலையின் வேகம் வினாடிக்குச் சுமார் 5,900 மீட்டர். 10 மில்லிமீட்டர் சுவருக்குள் போய்வர 3.4 மைக்ரோ வினாடி ஆகும். சுவர் 7 மில்லிமீட்டராக மெலிந்திருந்தால் எதிரொலி 2.4 மைக்ரோ வினாடியிலேயே வந்துவிடும்.

குறை ஒன்று உண்டு. படிகத்தை எங்கே வைக்கிறோமோ அந்த இடத்தின் சேதி மட்டுமே கிடைக்கும். வெப்பக்காப்புப் போர்வை சுற்றிய நெடுங்குழாயில் சாண் சாணாகப் போர்வையைப் பிரித்து யார் அளப்பது? சுவருக்குக் குறுக்கே அனுப்பும் ஒலியைக் குழாயின் நீளவாக்கில் அனுப்பினால் என்ன என்ற யோசனை இங்கேதான் பிறக்கிறது.

இதற்குரிய கணிதம் முன்பே இருந்தது. தகட்டில் அலைகள் எப்படி ஓடும் என்பதை ஹொரேஸ் லாம்ப் 1917-இல் எழுதினார். உட்குழிந்த உருளைக்கு அதனை 1959-இல் காசிஸ் செய்து முடித்தார். ஆனால் அந்தக் கணிதம் சொன்ன சேதி உற்சாகமளிப்பதாக இல்லை. குழாயை ஓரிடத்தில் தட்டினால் நீள்கின்ற அலை, முறுக்குகின்ற அலை, வளைக்கின்ற அலை எனப் பல வகைகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் ஓடுகின்றது. போதாததற்கு, அவற்றுள் பலவற்றின் வேகம் அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவதால், கூர்மையாகப் புறப்பட்ட துடிப்பு போகப்போக அகன்று கலைந்துவிடும். திரையில் தெரிவது வெறும் புல்தரை.

இரைச்சலைக் குறைக்க என்ன செய்யலாம் என்று வகுப்பில் கேட்டால், "பலமுறை அளந்து சராசரி எடுக்கலாம், சார்" என்றுதான் முதலில் பதில் வரும். நல்ல பதில்தான். 100 முறை கூட்டினால் குறிப்பலை 100 மடங்காகும். தாறுமாறாக வரும் மின்னிரைச்சலோ 10 மடங்கே ஆகும். தெளிவு பத்து மடங்கு கூடிவிடும். ஆனால் இங்குள்ள இரைச்சல் தாறுமாறானதன்று. நாம் அனுப்பிய ஒலியே வேண்டாத வடிவங்களில் ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் வருகிறது. ஒரே விடைத்தாளைப் பார்த்து எழுதிய நூறு மாணவர்களின் விடைகளுக்குச் சராசரி எடுத்தால் சரியான விடை வந்துவிடுமா?

ஆகவே வருகின்ற ஒலியை வடிகட்டுவதைவிட, அனுப்புகின்ற ஒலியைத் திருத்துவதே வழியாயிற்று. 1990-களில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் டேவிட் அலெய்ன், பீட்டர் காவ்லி ஆகியோர் இதைச் செய்து காட்டினர். குழாயைச் சுற்றி வளையல் மாட்டியதுபோல் சம இடைவெளியில் பல படிகங்கள். எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அளவில் தள்ளுவதால் வளைவு அலைகள் எழுவதற்கு இடமில்லை. ஓசை திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்காமல், மெல்ல எழுந்து மெல்ல அடங்கும் சில அதிர்வுகளாக அனுப்பப்பட்டது. அதனால் அதிர்வெண் குறுகிய எல்லைக்குள் நின்றது. சற்றுத் தள்ளி இன்னொரு வளையம் வைத்ததும், ஒலி எந்தப் பக்கத்திலிருந்து திரும்புகிறது என்பது தெரிந்தது.

முதலில் 70 கிலோஹெர்ட்ஸ் அளவில் நீள் அலை ஒன்றைப் பயன்படுத்தினர். அதனுடன் ஒட்டிக்கொண்டு வந்த மற்றொரு நீள் அலையை அடக்க மேலும் வளையங்கள் தேவைப்பட்டன. பின்னர் முறுக்கு அலைக்கு மாறினர். எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கட்டம்தான். அடிப்படை முறுக்கு அலையின் வேகம் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றே, வினாடிக்குச் சுமார் 3,200 மீட்டர். எனவே துடிப்பு கலைவதில்லை. திரவங்கள் சறுக்கு விசையைத் தாங்காதவை என்று பாடத்தில் படிக்கிறோமல்லவா? அதனால் குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் இந்த அலையைப் பெரும்பாலும் உறிஞ்சுவதுமில்லை.

துரத்தப்பட்ட வளைவு அலைகள் பின்பு வேறு வேலைக்கு வந்து சேர்ந்தன. பற்றவைத்த இணைப்பு குழாயைச் சுற்றிலும் ஒரே சீராக இருக்கும். அதில் பட்ட முறுக்கு அலை முறுக்கு அலையாகவே திரும்பும். அரிப்போ ஒரு பக்கமாக இருக்கும். அதில் பட்டால் ஒரு பகுதி வளைவு அலையாக மாறித் திரும்பும். அனுப்பும்போது வளைவு அலையே இல்லாததால், திரும்பும்போது அது இருந்தால் அரிப்பு என்று ஐயுறலாம். முன்பு இரைச்சலாக இருந்ததே இப்போது துப்புச் சொல்கிறது.

தரைக்கு மேலுள்ள குழாயில் ஓரிடத்தில் வளையத்தை மாட்டினால் இருபுறமும் பல பத்து மீட்டர் சோதிக்கலாம். தார்ப்பூச்சுடன் மண்ணில் புதைத்த குழாயில் ஒலி வெகு விரைவில் தேய்ந்துவிடும். 50 கிலோஹெர்ட்ஸில் இந்த அலையின் நீளம் ஆறு சென்டிமீட்டருக்கும் மேல். ஆதலால் சுவர் எத்தனை மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது என்று இதனால் நேராகச் சொல்ல இயலாது. ஐயத்திற்குரிய இடத்தைத்தான் காட்டும். அங்கே மட்டும் போர்வையை நீக்கி, எண்ணெய் தடவி, பயர்ஸ்டோன் வழிவந்த படிகத்தை வைத்து அளக்கிறார்கள்.