உரும்பிராய் ஒழுங்கையும் மடிக்கும் தள்ளுவண்டிலும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதியால் வடக்கே போனால், திருநெல்வேலியும் கோண்டாவிலும் கழிந்து ஏழு கிலோமீற்றர் அளவில் உரும்பிராய்ச் சந்தி வரும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இந்தப் பக்கம் வந்து நிற்கும் வாடகை வான்களின் பின்கதவைத் திறந்தால், பெட்டிகளுக்கு இடையில் மடித்துச் செருகிய குழந்தைத் தள்ளுவண்டில் ஒன்று அநேகமாக இருக்கும். ஒரு தலைமுறைக்கு முன்னர் இந்த ஊரில் அப்படி ஒரு பொருளைத் தேடியும் கண்டிருக்க முடியாது. இதற்கு ஊரில் இரண்டு விளக்கங்கள் உண்டு. முந்தின ஆட்களிடம் காசு இல்லை, அதனால் வண்டிலும் இல்லை என்பது ஒன்று. எங்கள் ஆட்கள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வளர்த்தார்கள், வண்டிலில் போட்டுத் தள்ளுவது வெளிநாட்டுப் பழக்கம் என்பது மற்றது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. பிள்ளையைச் சில்லில் வைத்துத் தள்ளுவதற்கு முதலில் வேண்டியது தள்ளக்கூடிய நிலம். அடுத்தது, தூக்குவதற்குக் கைகள் போதாத நிலை. உரும்பிராயில் இரண்டுமே வெகு பிந்தித்தான் வந்தன. இதைத் தெரிந்துகொண்டால், ஊருக்கு வரும் குடும்பம் எந்த வண்டிலை வாங்கவேண்டும் என்ற கேள்விக்கும் விடை பாதி கிடைத்துவிடும்.

நிலம் முதலில் என்பதற்கு வண்டிலின் சொந்தக் கதையே சாட்சி. இங்கிலாந்தில் 1733இல் வில்லியம் கென்ற் என்ற கட்டடக் கலைஞர் டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்காகச் செய்துகொடுத்ததைத்தான் வழக்கமாக முதல் குழந்தை வண்டில் என்பார்கள். அதைத் தாய் தள்ளவில்லை, சிறு விலங்கொன்று இழுத்தது. ஓடியதும் மாளிகைத் தோட்டத்துக்குள்தான். அது தெருவுக்கு வர நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது. இடையில் நடந்த பெரிய மாற்றம், லண்டன் தெருக்களுக்குக் கல் பதித்த நடைபாதை கிடைத்ததுதான். 1762இல் வெஸ்ற்மின்ஸ்ரர் பகுதிக்கு அதற்கென்றே சட்டம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வண்டில் பெருகியதும், 1877இல் சில்வர் குரொஸ் போன்ற தொழிற்சாலைகள் தொடங்கியதும் அந்த நடைபாதைகளின் மேல்தான். கொழும்பிலும் அதே ஒழுங்குதான். ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த காலிமுகத்திடல் நடைபாதையில், நகரத்துப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி அதைப் பேணும்படி பின்வரும் ஆளுநர்களைக் கேட்கும் கல் ஒன்று நட்டிருக்கிறது. பிள்ளைகளோடு உலாவுவதற்கென்று ஓர் அரசு நிலத்தைச் சமப்படுத்திக் கொடுத்தது அங்கே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமங்களுக்கு அப்படி யாரும் எதுவும் செய்யவில்லை.

உரும்பிராயின் நிலம் வேறு வகையானது. வலிகாமத்தின் செம்பாட்டு மண் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மரவள்ளிக்கும் கொடை. சில்லுக்கு அது எதிரி. கோடையில் புழுதி, ஐப்பசி கார்த்திகை மழையில் கால் வைத்தால் செருப்போடு சேர்ந்து வரும் சேறு. வீதி என்று போட்டவையும் நெடுங்காலம் சுண்ணக்கல் மக்கி பரப்பியவைதான். மழை ஒன்று பெய்தால் மக்கி கழுவுண்டு கல்லுக் கிளம்பும். வீதியை விட்டால் ஒழுங்கை. இரண்டு பக்கமும் பனையோலை, கிடுகு வேலி, நடுவில் மாட்டு வண்டில் போன இரண்டு தடம், தடத்துக்கு நடுவே மேடு. நான்கு சிறு சில்லுள்ள எதுவும் அந்த மேட்டில் ஒரு பக்கம் சரியும். படலையடியில் குறுக்கே ஒரு கட்டையோ வாசற்படியோ கிடக்கும். இந்த நிலத்தில் பிள்ளையைக் கொண்டுபோன வழிகள் நிலத்துக்கு ஏற்றவையாக இருந்தன: கிட்ட என்றால் இடுப்பு, தூரம் என்றால் தகப்பனின் தோள், இன்னும் தூரம் என்றால் ஒற்றை மாட்டுத் திருக்கல் அல்லது கூடார வண்டில். கொழும்பிலிருந்து காங்கேசன்துறைவரை புகைவண்டிப் பாதை 1905இல் முழுமையானபின், கோண்டாவில் நிலையம்வரை திருக்கல், அங்கிருந்து ரயில், ரயிலுக்குள் மடி. கைக்குழந்தையைக் கிடத்துவதற்கு ஏணை. பழஞ்சேலை ஒன்றும் ஒரு முடிச்சும் போதும். போன வீட்டின் வளையிலோ தோட்டக்கரை மாமரத்துக் கொப்பிலோ கட்டிவிடலாம். அவிழ்த்து மடித்தால் கைக்குள் அடங்கும். பயணத்துக்கு உகந்த மடிப்புச் சாமான் என்று இன்று விற்பவர்கள் சொல்லும் குணங்கள் எல்லாம் அதற்கு இருந்தன, சில்லைத் தவிர.

காசு இல்லாததுதான் காரணம் என்பவர்களுக்குச் சைக்கிள் பதில் சொல்லும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் றலி, ஹம்பர் சைக்கிள்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் மதிப்பான சொத்து. சீதனப் பேச்சில் இடம் பிடிக்கும் அளவுக்கு விலைகூடிய ஒரு வாகனத்தை வாங்க முடிந்த வீடு, வேண்டியிருந்தால் ஒரு குழந்தை வண்டிலையும் வாங்கியிருக்கும். அதை விட்டுச் சைக்கிளைப் பிள்ளைக்கு ஏற்றதாக மாற்றினார்கள். முன் பாரில் இரண்டு கவ்வியால் பூட்டிய சின்ன இருக்கை, அதில் பிள்ளை கால் வைக்க ஒரு கம்பி. இருக்கை இல்லாத வீட்டில் பாரைச் சுற்றி ஒரு துவாய். பிள்ளை கைபிடியின் நடுவைப் பிடித்துக்கொள்ளும், ஓட்டுபவரின் இரண்டு கையும் இரு பக்கமும் வேலிபோல நிற்கும். பின் கரியரில் தாய் பக்கவாட்டில் அமர்ந்து மடியில் கைக்குழந்தையை வைத்திருப்பாள். இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. கரியரில் இருத்திய பிள்ளை காலைப் பின்சில்லுக்குள் விட்டுக் குதிக்கால் கிழிபடுவது எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த காயம். ஆனால் இரண்டு பெரிய சில்லு, ஒற்றைத் தடத்தில் ஓடும். மேட்டையும் பள்ளத்தையும் தாண்டும். நிலத்துக்குப் பொருந்திய சில்லைத்தான் ஊர் தேர்ந்தெடுத்தது.

1990இல் போர் மீண்டும் மூண்டு, எரிபொருள் தடை இறுகியபோது அந்தத் தேர்வு உயிர்நாடியாக மாறியது. பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதும் சைக்கிளில்தான், பள்ளிக்கூடம் போவதும் சைக்கிளில்தான். ஆனையிறவு, சங்குப்பிட்டிப் பாதைகள் அடைபட்ட வருடங்களில் வன்னிக்குப் போகவேண்டியவர்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தார்கள். அங்கே பிள்ளைக்குரிய இடம் மடி ஒன்றுதான். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, உரும்பிராய் மக்களும் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சி நோக்கி மழைக்குள் நடந்தார்கள். சைக்கிளில் யாரும் ஏறி ஓடவில்லை, ஓட இடம் இருக்கவில்லை. பாரில் பிள்ளை, கரியரில் மூட்டை, கைபிடியில் வாளியும் சாக்கும் என்று அதை உருட்டிக்கொண்டு போனார்கள். லண்டன் நடைபாதைக்குச் செய்த வண்டிலை யாராவது அன்று கொண்டு வந்திருந்தால், அதை முதல் மைலிலேயே வீதிக்கரையில் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இனி இரண்டாவது விளக்கம், அன்பைப் பற்றியது. இடுப்பில் பிள்ளை இருந்ததற்கு அன்பு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் ஒரே இடுப்பில் இருந்ததில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அம்மம்மா, சித்தி, மாமி, ஒன்பது வயது அக்கா, அடுத்த வளவுப் பெட்டை என்று பிள்ளை கை மாறிக்கொண்டே போகும். கோயிலுக்குப் புறப்பட்ட பிள்ளை யாருடைய தோளில் திரும்பி வரும் என்று தாய்க்கே தெரியாது. விக்ரோறியா காலத்துச் சீமாட்டிகள் சம்பளத்துக்குத் தாதி இருந்தும் வண்டில் வைத்திருந்தார்களே, கைகள் இருந்தும் வண்டில் இருக்கலாந்தானே என்று கேட்கலாம். இருக்கலாம், நிலம் சமமாக இருந்ததால் இருந்தது. அந்த வண்டிலோ மடங்காதது, மாடிப்படி ஏறாதது. மடிக்கும் வண்டில் பிறந்த கதை வேறு. ஸ்பிற்ஃபயர் போர்விமானத்தின் தரையிறங்கு சில்லமைப்பில் வேலைசெய்த ஓவன் மக்லாரன் என்ற பொறியியலாளரின் மகள் மொஸ்கோவிலிருந்து பிள்ளையோடு இங்கிலாந்துக்கு வந்தாள். அவள் கொண்டுவந்த பாரமான வண்டில் பட்ட பாட்டைப் பார்த்து, அவர் 1965இல் அலுமினியக் குழாயில் குடைபோல மடங்கும் வண்டிலுக்குக் காப்புரிமை கேட்டார். 1967இல் அது விற்பனைக்கு வந்தது. நிறை 3 கிலோவுக்கும் குறைவு. பேரப்பிள்ளையைப் பிரிந்து தொலைவிலிருந்த தாத்தாவும், தனியே பிள்ளையோடு விமானம் ஏறிய தாயும் இல்லாமல் அந்த வண்டில் இல்லை.

1983 கலவரத்துக்குப் பின் உரும்பிராய்க் குடும்பங்களும் அதே நிலைக்கு வந்தன. அம்மம்மா ஊரில், சித்தி சூரிச்சில், மாமி ரொறன்ரோவில், தாய் பாரிசில். லா சப்பல் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்க வரும் தமிழ்த் தாய், மேம்பாலத்து மெற்றோ நிலையத்தின் படிக்கட்டில் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் வண்டிலுமாக இறங்கவேண்டும். ஐந்து பேரின் இடுப்பு செய்த வேலையை அங்கே ஓர் அலுமினியச் சட்டகம் செய்கிறது. வெளிநாட்டுப் பகட்டு என்று ஊரில் சிலர் சொல்லும்போது, அந்தச் சட்டகத்துக்குப் பின்னால் காணாமற்போன கைகளை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

ஆனால் இப்போது பலாலி வீதி காப்பெற் வீதி, ஒழுங்கைகள் பலவற்றுக்கும் கொங்கிறீற் போட்டாயிற்று. இனிப் பெரிய சில்லுள்ள உறுதியான வண்டிலையே கொண்டுவரலாமே என்பார்கள். தளம் வந்துவிட்டது, நடைபாதை வரவில்லை. காப்பெற் வந்தபின் வாகனங்களின் வேகம் கூடியது. வண்டில் தள்ளும் தாய் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மண் ஓரத்தில்தான் போகவேண்டும். நல்லூர் வெளிவீதியில் திருவிழாவுக்கு மணல் பரப்புவார்கள். வெறுங்காலுக்கு அது சுகம், எந்தச் சில்லுக்கும் சுகமில்லை. ஆகவே ஊருக்குள் உருட்டுவதை நினைத்து வண்டில் வாங்குவது பிழை. கைகள் இல்லாத பகுதியை நினைத்து வாங்கவேண்டும்: விமான நிலையத்தின் நீண்ட நடை, இடைமாறும் நிலையத்தில் ஆறு மணி நேரக் காத்திருப்பு, கட்டுநாயக்காவிலிருந்து எட்டு மணி நேரம் ஓடும் வானில் பெட்டிகளோடு இட நெருக்கடி. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் கைப்பொதிக்கு வழிகாட்டும் அளவு 56, 45, 25 சென்ரிமீற்றர். 2012இல் வந்த பிரெஞ்சு யோயோ வண்டில் 52, 44, 18க்கு மடங்கி, 6 கிலோ அளவில் நின்று, அந்த அளவுக்குள் அடங்கியது. அதன்பின் பல நிறுவனங்கள் அதே வழியில் செய்கின்றன. இந்த வகைதான் எங்கள் பயணத்துக்குச் சரி. 2019 ஒக்ரோபரில் திறந்த பலாலி சர்வதேச விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து வருபவை சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள்; தலைக்கு மேலுள்ள தட்டு சிறிது, ஏறுவதும் இறங்குவதும் படிக்கட்டால். வண்டிலைப் படியடியில் கொடுக்கச் சொன்னால் பிள்ளையைத் தூக்கியபடியே மடிக்கவேண்டும். ஆகவே ஒரு கையால் மடங்குகிறதா, தோளில் மாட்டப் பட்டி உண்டா என்பதைக் கடையிலேயே பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கவேண்டும். முதுகுப் பக்கம் காற்றுப் புகும் வலைத்துணி எங்கள் வெயிலுக்குக் கட்டாயம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதுகு தட்டையாகச் சாயாத வண்டில் கூடாது.

வண்டிலே வேண்டாம், நெஞ்சில் கட்டும் துணிப்பை போதும் என்று சொல்பவர்களும் உண்டு. கைக்குழந்தைக்கு அவர்கள் சொல்வது முழுக்கச் சரி. ஏணைச் சேலையின் வழிவந்த யோசனைதான் அது. பன்னிரண்டு கிலோ நிறையுள்ள இரண்டு வயதுப் பிள்ளை நித்திரையானால், ஆடி வெயிலில் இருவரும் வியர்வையில் தோய்வார்கள். அங்கே சில்லு வேண்டும். இரண்டு சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பம், பக்கத்துப் பக்கம் இருக்கையுள்ள இரட்டை வண்டிலைப் பற்றி யோசிக்கும். அது விமானத் தட்டிலும் அடங்காது, வான் காலடியிலும் அடங்காது, பழைய படலை பலவற்றால் உள்ளேயும் வராது. மூத்ததுக்கு மடிக்கும் ஒற்றை வண்டில், இளையதுக்குத் துணிப்பை. ஊருக்குள் வந்தபின் வண்டிலை விறாந்தை மூலையில் சாத்திவிடலாம். மூத்ததை அம்மம்மா கோயிலுக்குக் கூட்டிப் போவா, இளையதை அடுத்த வீட்டுக்காரர் வாங்கிக்கொள்வார்கள்.