கலால் வருவாயும் மதுவிலக்கும்: சென்னை மாகாணம், 1937–1948
போதைப்பொருளை ஒழிக்க முனையும் அரசு முதலில் தன் கருவூலத்தோடு மோத வேண்டியுள்ளது. இராஜாஜி அமைச்சரவை இயற்றிய 1937ஆம் ஆண்டுச் சென்னை மதுவிலக்குச் சட்டம், கள், சாராயம் ஆகியவற்றுடன் கஞ்சாவையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கிற்று. கலால் இழப்பை ஈடுசெய்யும் பொருட்டு, வணிகர்களின் எதிர்ப்பையும் மீறி, 1939இல் பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. குடிப்போரிடம் பெற்ற தொகையை இனி வாங்குவோர் அனைவரிடமும் பெறுவது என்பதே இதன் பொருள். காவலரின் சோதனைகளைக் காட்டிலும் இவ்வரியே அரசின் உறுதியைப் புலப்படுத்தியது எனலாம். 1948 அக்டோபர் 2 அன்று மதுவிலக்கு மாகாணம் முழுமைக்கும் விரிந்தபோது, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் இராஜகுளம், உத்திரமேரூர் வட்டாரச் சிற்றூர்களும் அதன்கீழ் அடங்கின. 1971இல் கள், சாராயக் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. விற்பனை வரி நீக்கப்படவில்லை.