ஜூனிப்பர் மரத்தில் சாய்ந்திருந்த துப்பாக்கி

2014 நவம்பர். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இருக்கும் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் தொல்லியல் ஆய்வுக்குப் போனவர்கள், ஒரு ஜூனிப்பர் மரத்தின்மேல் துப்பாக்கி ஒன்று சாய்ந்திருப்பதைப் பார்த்தார்கள். சட்டென்று கண்ணில் படாது. வெயிலில் வெளுத்து வெளுத்து அதன் கட்டை மரத்தின் நிறத்துக்கே வந்துவிட்டிருந்தது. குழல் முழுக்க துரு. அடிக்கட்டை வெடித்து, சில அங்குலம் மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

வின்செஸ்டர் 1873 மாடல். கௌபாய் படங்களில் கீழே உள்ள நெம்புகோலை இழுத்து இழுத்துச் சுடுவார்களே, அந்த வகை. வயோமிங் மாநிலத்தின் கோடி நகரிலுள்ள அருங்காட்சியகத்தில் கம்பெனியின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. வரிசை எண்ணை வைத்துத் தேடியதில், 1882இல் தயாரித்து அனுப்பப்பட்டது என்று தெரிந்தது. யாருக்கு? அது எழுதப்படவில்லை. அந்த ஒரே வருஷத்தில் 25,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். முதலில் 50 டாலர் விற்றது, அப்போது 25 டாலருக்கு இறங்கியிருந்தது. சாதாரண ஆளும் வாங்கக்கூடிய சாமான்.

சரி, இதை என்ன பண்றது? துருவைச் சுரண்டி, குழலுக்குப் பழையபடி கருநீலப் பூச்சு ஏற்றி, புது வால்நட் கட்டை போட்டால் பளபளவென்று வந்துவிடும். ஆனால் 1916 வரை இந்த மாடலில் ஏழு லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். பளபளப்பானவை எத்தனையோ இருக்கின்றன. மரத்தடியில் நின்று வெடித்த கட்டை இது ஒன்றுதான். எத்தனை வருஷம் நின்றது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சியும் அந்த வெடிப்புதான்.

தாத்தாவின் துப்பாக்கியை இன்னும் பயன்படுத்துகிறவர், ஒடிந்த ஸ்பிரிங்கை மாற்றட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. அது இன்னும் வேலை செய்கிற பொருள்.

கோடி அருங்காட்சியகம் முதலில் அதைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தது. குண்டு ஏற்றப்படவில்லை. ஆனால் அடிக்கட்டைக்குள், துடைக்கும் கம்பி வைக்கிற பொந்தில், ஒற்றைத் தோட்டா! 1887க்கும் 1911க்கும் நடுவில் செய்த வகை. ஆக, 1887க்கு முன்னால் யாரும் இதை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்க முடியாது. ரீஸ்டோர் பண்ணுகிறவரும் கட்டையைக் கழற்றும்போது இந்தத் தோட்டாவைக் கண்டுபிடித்திருப்பார், உண்மைதான். அப்புறம் அந்தக் கட்டை குப்பைக்குப் போயிருக்கும்.

இங்கே மரம் உதிராமல் இருக்கப் பசை கொடுத்தார்கள். புதுசாக்கவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ‘அப்படியே வைத்தோம்’ என்று சொன்னாலும் பசை பசைதான். உண்மையிலேயே அப்படியே விடுவதென்றால் மரத்தடியிலேயே விட்டிருக்க வேண்டும். கொஞ்ச காலத்தில் மண்ணோடு மண்ணாகியிருக்கும். எடுத்ததில் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். துப்பாக்கி பூங்காவுக்கே திரும்பிவிட்டது, வெளுத்த கட்டையும் துருவுமாக. சாய்த்துவைத்துவிட்டுப் போனவர் யார், ஏன் திரும்பி வரவில்லை என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.