கோ-கோ: மூன்று நிமிட இசைத்தட்டொன்றின் வரலாறு

அமெரிக்காவிலே 1935ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ‘சுவிங்’ எனப்படும் ஜாஸ் இசை மக்களிடையே தனியாட்சி செலுத்திற்று. நடன மண்டபங்களும் வானொலியும் இசைத்தட்டும் அதனை வீடுதோறும் கொண்டு சென்றன. ஆட்டத்துக்கென எழுந்த இசை ஆதலின், இருந்து கேட்டு ஆராய்தற்குரிய கலையாக அதனைக் கொள்ளப் பலர் தயங்கினர். அத்தயக்கம் பொருந்தாதது என்பதை டியூக் எலிங்ரன் இயற்றிய ‘கோ-கோ’ ஒன்றே காட்டப் போதும்.

1940 மார்ச் 6ஆம் நாள் சிக்காகோ நகரில் விக்டர் நிறுவனத்துக்காக இது பதிவுசெய்யப்பட்டது. அக்காலத்துப் பத்தங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவுக்கே இடந்தருவது. எலிங்ரனுடன் சேர்த்துப் பதினைவர் கொண்ட அக்குழு, சொல்ல வேண்டியதனைத்தையும் அவ்வெல்லைக்குள்ளேயே சொல்லி முடித்தல் வேண்டும். நாலடி வெண்பாவுள் பொருளை நிறுத்தப் பழகிய புலவர்க்கு இந்நெருக்கடி நன்கு விளங்கும்.

பெயர்க்காரணம் நோக்கத்தக்கது. ‘பூலா’ என்னும் பெயரில், தம் இனத்தாரின் வரலாற்றைக் கூறும் இசைநாடகமொன்றை இயற்ற எலிங்ரன் எண்ணியிருந்தார். அந்நாடகம் முற்றுப்பெறவில்லை. அதற்கென எழுந்த பகுதியே கோ-கோ என்றும், அது நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக் கொங்கோச் சதுக்கத்தை நினைவூட்டுவது என்றும் அவர் கூறியுள்ளார். அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், நகரத் தலைவர் குறித்த இடத்தில் மட்டும், ஒன்றுகூடி ஆடலாம் என 1817இல் அந்நகரசபை கட்டளை பிறப்பித்தது. அவ்வாறு அவர்கள் கூடிய வெளியே கொங்கோச் சதுக்கம். ஆபிரிக்க மண்ணின் பறையொலியும் ஆட்டமும், வாரத்தில் ஒருநாளேனும், அங்கே உயிர்த்திருந்தன.

இசையின் அமைப்பு மிக எளிது. நான்கு அடி கொண்டது ஓர் அளவு. பன்னிரண்டு அளவு கொண்டது ஒரு சுற்று. இது கறுப்பின மக்களின் ‘புளூஸ்’ பாடல்களுக்குரிய பழைய யாப்பு. முகப்பில் எட்டு அளவு, இடையில் ஏழு சுற்று, முடிவில் பன்னிரண்டு அளவு என 104 அளவுகளில் ஆக்கம் நிறைவுறுகின்றது. ஆனால் புளூஸ் பெரும்பாலும் மேஜர் அளவுமுறையை அடியொற்றுவது. எலிங்ரனோ ஆறு பிளாற்றுகள் கொண்ட ஈ-பிளாற் மைனரைத் தேர்ந்தார். இருண்ட நிறம் முதலொலியிலேயே படிந்துவிடுகின்றது.

முகப்பிலே ஹரி கார்னியின் பாரிற்றோன் சக்ஸபோன் ஆதார சுரத்தைத் தாழ்ந்த நிலையில் அழுத்தி ஒலிக்க, அதன்மீது டிரொம்போன்கள் அசைகின்றன. தம்புராவின் சுருதியை இது நினைவூட்டலாம். ஆயின் தம்புரா இசை முழுதும் உடனிற்பது. இவ்வாதார ஒலியோ எட்டு அளவுடன் மறைந்து, இறுதியிலேயே மீள்கின்றது. இடையில் அதனைக் கேளாதபோதும் செவி அதனை எதிர்நோக்கியே இருக்கின்றது.

முதற் சுற்றில் யுவான் டிசோலின் டிரொம்போன் சிறு சொற்கட்டு ஒன்றை எழுப்ப, சக்ஸபோன்கள் விடையிறுக்கின்றன. மூன்று குறில், பின் ஒரு நெடில்: அவ்வளவே கருப்பொருள். எஞ்சியனவெல்லாம் இதிலிருந்தே முளைக்கின்றன. இரண்டாம், மூன்றாம் சுற்றுக்கள் ஜோ நான்ரனுக்கு உரியவை. குழாய் அடைப்பு நீக்கும் இறப்பர்க் கிண்ணத்தால் டிரொம்போனின் வாயை மூடியும் திறந்தும், மனிதக் குரல் விம்முவது போன்றதோர் ஒலியை அவர் எழுப்புகின்றார். சொல் இல்லை, எனினும் யாரோ பேசுகின்றார் என்ற உணர்வு தவிர்க்கவியலாதது. நான்காம் சுற்றில் எலிங்ரனின் பியானோ, சக்ஸபோன்களின் மேலே, இசைவற்ற சுரங்களை வாரி இறைக்கின்றது. இனிமை ஒன்றையே எதிர்பார்ப்பார்க்கு இவ்விடம் சற்றுக் கைக்கும். அக்கைப்பை நீக்கினால் ஆக்கமே தளர்ந்துவிடும்.

ஐந்தாஞ் சுற்றில் டிரம்பெற்றுகள் கருப்பொருளைக் கைக்கொள்ள, ஆறாவதில் எதிர்பாராத ஒன்று நிகழ்கின்றது. குழு முழுவதும் மும்முறை வாயடங்க, ஒவ்வொரு முறையும் இரண்டு அளவு ஜிம்மி பிளான்ரனின் பாஸ் தனித்து ஒலிக்கின்றது. அதுகாறும் காலங்காட்டுவதையே தொழிலாகக் கொண்டிருந்த அப்பெருந்தந்தி வாத்தியம் தன் கருத்தைக் கூறத் தொடங்கியது அவராலேயே எனலாம். காசநோய்க்கு இரையாகி 1942இல் அவர் மறைந்தபோது அவருக்கு வயது 23. அவ்வமைதிகளின் பின் வரும் ஏழாஞ் சுற்றில் குழு அனைத்தும் ஒருங்கே முழங்குகின்றது. சுரநிலை மாறவில்லை, விரைவு கூடவில்லை. ஒலியின் திணிவு மட்டும் சுற்றுக்குச் சுற்று ஏறியே இவ்வுச்சி எட்டப்பட்டது. ஏறிய உச்சியில் நில்லாது, முகப்பு மீள்கின்றது: மீண்டும் கார்னியின் ஆதார ஒலி, மேலும் நான்கு அளவு, பின் முடிவு.

இதனை ஆக்கியோர் வாழ்ந்த நிலையும் இங்கு கருதற்பாலது. 1930களில் தென் மாநிலங்களில் பயணஞ் செய்கையில், வெள்ளையர் விடுதிகள் கறுப்பினத்தார்க்கு இடந்தராமையால், இக்குழுவினர் புகைவண்டிப் பெட்டிகளை வாடகைக்கு அமர்த்தி அவற்றிலேயே உண்டு உறங்கினர். சதுக்கத்தில் மட்டும் ஆடலாம் என்ற 1817ஆம் ஆண்டுக் கட்டளைக்கும் இதற்கும் இடைத்தூரம் எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

‘பூலா’வுக்கென எண்ணிய வரலாற்றுப் பொருள் 1943 ஜனவரி 23இல், நியூயோர்க் கார்னெகி மண்டபத்தில், ‘பிளக், பிறவுண் அன்ட் பேஜ்’ என்னும் நெடும் படைப்பாக அரங்கேறிற்று. நெடிய ஆக்கத்துக்குரிய கட்டுக்கோப்பு அதில் இல்லை என விமர்சகர் சிலர் குறைகூறினர். கோ-கோவின் கட்டுக்கோப்பைக் காணாதாரும் இருந்தனர் போலும். 1963இல் இக்குழு அமெரிக்க அரசின் சார்பில் மத்திய கிழக்கிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் இசை வழங்கிற்று. ஈராண்டின் பின், 1965இல், எலிங்ரனுக்குச் சிறப்புப் பாராட்டு அளிக்குமாறு புலிற்சர் பரிசின் இசை நடுவர்கள் பரிந்துரைத்தனர். பரிசு மன்றம் அதனை ஏற்க மறுத்தது. நடுவர் மூவருள் இருவர் பதவி துறந்தனர். அதே மன்றம் 1999இல் அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கிற்று. அவர் மறைந்து அப்போது 25 ஆண்டுகள் ஆகியிருந்தன.